லாட்ஜுக்குள் என்ன நடக்கிறது?

கேட்கப்பட்ட கேள்வி இது: “உடன் வேலை பார்க்கும் ஒருவர் ஃப்ரீமேசன் லாட்ஜில் சேர விருப்பமா என்று கேட்கிறார். உள்ளே என்னதான் செய்வார்கள்? சடங்குக் கூட்டமா, தொண்டு அமைப்பா, பெரிய மனிதர்கள் தங்களுக்குள் காரியம் சாதித்துக்கொள்ளும் இடமா?”

ஃப்ரீமேசன்கள், சுருக்கமாக மேசன்கள், என்பது சடங்கும் தொண்டும் கலந்த ஒரு பழைய சகோதரச் சங்கம்; அதன் உள்ளூர்க் கிளைக்கு லாட்ஜ் என்று பெயர். நான் நெடுநாளாக ஒரு லாட்ஜில் உறுப்பினராக இருப்பவன். செயலாளர் பொறுப்பையும், பிறகு உறுப்பினர் குடும்பங்களின் நலனைக் கவனிக்கும் ஆல்மனர் என்ற பொறுப்பையும் பார்த்திருக்கிறேன். இரண்டாவது பொறுப்பைப் பற்றிக் கீழே சற்று நீட்டியே எழுதப் போகிறேன். லாட்ஜ் எதற்காக இருக்கிறது என்பதற்கு என்னிடம் உள்ள விடை அதில்தான் இருக்கிறது.

முதலில் ஏமாற்றமான செய்தியைச் சொல்லிவிடுகிறேன். லாட்ஜில் கழியும் நேரத்தில் பெரும்பகுதி மற்ற சங்கங்களில் கழிவதைப் போலவேதான் கழிகிறது. சென்ற கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பை வாசிப்பார்கள். வரவு செலவை ஒப்புக்கொள்வார்கள். சந்தா பாக்கி வைத்திருப்பவரிடம் யார் போய்ப் பேசுவது என்று முடிவு செய்வார்கள். கட்டடம் சொந்தமாக இருந்துவிட்டால் ஒழுகும் கூரையைப் பற்றிய விவாதம் மட்டும் ஆண்டுக்கணக்கில் ஓடும். மர்மத்தை எதிர்பார்த்து வருபவர்கள் சில கூட்டங்களிலேயே கொட்டாவி விடத் தொடங்குகிறார்கள். சிலர் நின்றும்விடுகிறார்கள்.

இந்தக் குறிப்பெழுதும் பழக்கம் லேசானதல்ல. எடின்பரோவின் மேரீஸ் சேப்பல் லாட்ஜில் 1599 ஜூலை மாதக் கூட்டக் குறிப்பு இன்றும் பத்திரமாக இருக்கிறது. அப்போது அது உண்மையிலேயே கல் கொத்துபவர்களின் சங்கம். பிறகு கல்லைத் தொட்டே அறியாத கனவான்கள் மெல்ல மெல்லச் சேர்ந்தார்கள். உளியும் சுத்தியலும் ஒழுக்கப் பாடத்துக்கான அடையாளங்களாக மாறின. லண்டனில் 1717ஆம் ஆண்டு நான்கு லாட்ஜ்கள் ஒரு மதுக்கடையில் கூடி, தங்களுக்குப் பொதுவான தலைமை அமைப்பாக முதல் கிராண்ட் லாட்ஜை அமைத்தன என்பது வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. அந்த ஆண்டைக் கேள்வி கேட்கும் ஆய்வாளர்களும் உண்டு. ஜேம்ஸ் ஆண்டர்சன் தொகுத்த விதிநூல் 1723இல் அச்சானது. அதன்பின் போட்டி கிராண்ட் லாட்ஜ் ஒன்று தோன்றி, இரண்டும் அறுபது ஆண்டுகளுக்கு மேல் முறைத்துக்கொண்டு, 1813இல் ஒன்றாயின.

வரலாற்றில் உங்களுக்குத் தேவையானது ஒன்றுதான்: உலக மேசன்களுக்கெல்லாம் ஒரே தலைவர் என்று யாரும் இல்லை. ஒவ்வொரு நாட்டிலும், அமெரிக்காவில் ஒவ்வொரு மாநிலத்திலும், கிராண்ட் லாட்ஜ் தனித்தனி. பிரான்ஸின் மேசன் தலைமை அமைப்பான கிராண்ட் ஓரியன்ட் 1877இல் கடவுள் நம்பிக்கை கட்டாயம் என்ற விதியை எடுத்துவிட்டது என்பதற்காக இங்கிலாந்து அதனுடன் உறவை முறித்துக்கொண்டது. அந்தப் பிளவு இன்றும் தீரவில்லை. உலகத்தையே ஆட்டிப்படைக்கும் கூட்டம் என்று இவர்களைச் சொல்பவர்கள், இவர்கள் தங்களுக்குள் ஓர் இணக்கத்துக்கு வர எத்தனை காலம் எடுத்துக்கொள்கிறார்கள் என்பதைப் பார்க்க வேண்டும்.

இனி ஒரு வழக்கமான மாலைக் கூட்டம். அறை நீள்சதுரமாக இருக்கும். நடுவில் கறுப்பும் வெள்ளையுமாகக் கட்டம் போட்ட தரை அல்லது விரிப்பு. சுவரை ஒட்டி நாற்காலிகள். மாஸ்டர் எனப்படும் தலைவர் கிழக்கே, சீனியர் வார்டன் மேற்கே, ஜூனியர் வார்டன் தெற்கே. கட்டடம் எந்தப் பக்கம் பார்த்திருந்தாலும் மாஸ்டர் உட்காரும் இடம்தான் கிழக்கு. திறந்த புனித நூலின்மேல் மூலைமட்டமும் கவராயமும் வைக்கப்பட்டிருக்கும். பல மதத்தினர் சேர்ந்த லாட்ஜ்களில் ஒன்றுக்கு மேற்பட்ட நூல்கள் இருக்கும். உறுதிமொழி எடுப்பவர் தம் நூலின்மீது கை வைக்கிறார். கிராண்ட் லாட்ஜ் வழங்கிய உரிமைப் பத்திரம் அங்கே இருக்க வேண்டும். அது இல்லாமல் கூடினால் அது லாட்ஜ் கூட்டமே அல்ல. கதவுக்கு வெளியே டைலர் எனப்படும் வாசற்காவலர் உருவிய வாளுடன் நிற்பார். அந்த வாள் பெரும்பாலும் மொட்டை. தாமதமாக வருபவரின் ஏப்ரன், அதாவது மேசன்கள் இடுப்பில் கட்டும் முன்துணி, நேராக இருக்கிறதா என்று பார்த்து, கதவைத் தட்டி உள்ளே தகவல் சொல்வதுதான் அவருடைய நடைமுறை வேலை.

கூட்டம் தொடங்கும்போது மாஸ்டர் ஒவ்வொரு பொறுப்பாளரின் இடம் எது, கடமை என்ன என்று வரிசையாகக் கேட்பார். பதில் அச்சுப் பிசகாமல் வரும். இதே கேள்வி, இதே பதில், ஒவ்வொரு கூட்டத்திலும். புதிதாக வந்தவர்களுக்கு இது நாடகமாகத் தெரியும். எனக்கு இது பிடித்திருக்கிறது. மூன்று மாதம் சண்டை போட்டுக்கொண்டு பேசாமல் இருந்த இருவர்கூட இந்தக் கேள்வி பதிலில் ஒருவரையொருவர் பார்த்து மரியாதையாகப் பேசித்தான் ஆக வேண்டும்.

அடுத்து அலுவல்கள். புதியவர் ஒருவரைச் சேர்ப்பதானால் வாக்கெடுப்பு நடக்கும். சின்ன மரப்பெட்டி ஒன்று கைமாறி வரும். முன்பக்கத்தில் கை நுழையும் அளவுக்குத் துளை இருக்கும். வெள்ளைக் குண்டு என்றால் சம்மதம், கறுப்பு என்றால் மறுப்பு. உள்ளே கை என்ன செய்தது என்று பக்கத்தில் இருப்பவருக்குக்கூடத் தெரியாது. எத்தனை கறுப்பு விழுந்தால் ஆளைச் சேர்க்க முடியாது என்பதை அந்தந்த லாட்ஜின் விதி சொல்லும். சில இடங்களில் ஒன்றே போதும். மாஸ்டர் பெட்டியின் கீழ் இழுப்பறையைத் திறந்து பார்க்கும் அந்தச் சில நொடிகளில் அறை முழுக்க அமைதியாக இருக்கும். கறுப்பு விழுந்தால் யார் போட்டது என்று விசாரிக்கக் கூடாது. இந்த முறை கொடுமையானது என்று ஒரு காலத்தில் நினைத்தேன். இப்போது வேறு மாதிரி நினைக்கிறேன்: ஒருவரை எல்லோர் முன்னிலையிலும் எதிர்த்துப் பேச முடியாதவருக்கும் இங்கே ஒரு குரல் கிடைக்கிறது. அதே பெட்டி நிறத்துக்காகவும் சாதிக்காகவும் பொறாமைக்காகவும் மனிதர்களைத் தள்ளவும் பயன்படக்கூடியது என்பதும் உண்மை.

பாஸ்டனில் வாழ்ந்த கறுப்பினத்தவரான பிரின்ஸ் ஹால் இதற்குச் சாட்சி. அவரும் மேலும் 14 கறுப்பின ஆண்களும் 1775இல் பிரிட்டிஷ் ராணுவத்தோடு சேர்ந்த லாட்ஜ் ஒன்றில் உறுப்பினரானார்கள். அமெரிக்க வெள்ளையர்களின் லாட்ஜ்கள் அவர்களை ஏற்கவில்லை. கடைசியில் 1784ஆம் ஆண்டு தேதியிட்ட உரிமைப் பத்திரம் லண்டனிலிருந்தே அவர்களுக்கு வழங்கப்பட்டது. ‘பிரின்ஸ் ஹால் மேசன்ரி’ என்ற தனி மரபு அங்கிருந்து வளர்ந்தது. வெள்ளையர்களின் கிராண்ட் லாட்ஜ்கள் அதை அங்கீகரிக்க இருநூறு ஆண்டுகள் ஆயின. அதுவும் ஒவ்வொரு மாநிலமாக. எல்லோரும் சகோதரர் என்று உரக்கச் சொல்லும் அமைப்பில் இது நடந்தது என்பதை எந்த மேசனும் மழுப்பக் கூடாது.

சடங்குக்கு வருகிறேன். மூன்று படிகள் உண்டு: சேர்க்கைப் பயிலுநர், தேர்ந்த தொழிலாளர், மாஸ்டர் மேசன். கைகுலுக்கும் முறை, அடையாளச் சொல் ஆகியவற்றை வெளியே சொல்வதில்லை என்று வாக்குக் கொடுத்திருக்கிறேன். சொல்லப் போவதும் இல்லை. உண்மையில் அவையெல்லாம் 18ஆம் நூற்றாண்டிலிருந்தே அச்சில் வந்துவிட்டன. நூலகத்தில் கிடைக்கும் ஒன்றைக் காப்பாற்றுவதில் பொருள் என்ன என்று கேட்டால், காப்பது வாக்கைத்தான், சொல்லை அல்ல.

பலமுறை அச்சில் வந்துவிட்ட ஒரு பகுதியை மட்டும் சொல்கிறேன். முதல் படிச் சடங்குக்கு வருபவரிடமிருந்து காசு, மோதிரம், கைக்கடிகாரம் என உலோகமாகவும் பணமாகவும் இருக்கும் எல்லாவற்றையும் முன்பே வாங்கி வைத்துவிடுவார்கள். சடங்கின் நடுவில் அவரை அறையின் வடகிழக்கு மூலையில் நிறுத்தி, ஏழைச் சகோதரர்களுக்கான நிதிக்கு ஏதேனும் கொடுங்கள் என்று கேட்பார்கள். அவர் அனிச்சையாகச் சட்டைப்பையைத் தொடுவார். ஒன்றும் இருக்காது. எத்தனை பெரிய பணக்காரராக இருந்தாலும் அந்தக் கணம் முகம் சுருங்கும். கொடுக்க மனம் இருக்கிறது, கையில் இல்லை என்று அவர் வாயாலேயே சொல்ல வேண்டும். நாளை உன்னிடம் ஒருவர் கையேந்தி வந்தால் இந்த நிலையை நினைத்துக்கொள் என்று சொல்லி அனுப்புவார்கள். இந்தச் சடங்கை எழுதியவர் யாரென்று யாருக்கும் தெரியாது. மனிதர்களை நன்றாக அறிந்தவர் என்பது மட்டும் தெரிகிறது.

அதே படியில் 24 அங்குல அளவுகோல் ஒன்றைக் காட்டி நாளின் 24 மணி நேரத்தைப் பிரிக்கச் சொல்வார்கள்: பிரார்த்தனைக்கு ஒரு பகுதி, உழைப்புக்கும் ஓய்வுக்கும் ஒரு பகுதி, துன்பத்தில் இருக்கும் நண்பருக்கு ஒரு பகுதி. இங்கிலாந்து மரபில் இதோடு ஒரு நிபந்தனையும் சேர்ந்திருக்கிறது: தனக்கும் தன்னைச் சேர்ந்தவர்களுக்கும் பாதகம் வராமல் உதவ வேண்டும் என்று. வீட்டை அடகு வைத்து யாருக்கும் உதவச் சொல்வதில்லை. ஆர்வம் மிகுந்த புதியவர்களுக்கு இந்த நிபந்தனையைத்தான் நான் முதலில் நினைவூட்டுவேன்.

இத்தனையும் புத்தகத்தைப் பார்க்காமல் சொல்ல வேண்டும் என்பது பல லாட்ஜ்களின் வழக்கம். மனப்பாடப் புத்தகம் வாங்கிப் பிரித்தால் திகைப்பீர்கள்: முக்கியச் சொற்களின் முதல் எழுத்து மட்டும் இருக்கும், மீதி புள்ளிகள். கூட்டம் இல்லாத நாட்களில் ஒத்திகைக்கென்று தனி அமர்வு நடக்கும். லண்டனில் 1823இல் தொடங்கிய எமுலேஷன் ஒத்திகை லாட்ஜில், ஒரு சடங்கை யாரும் எடுத்துக்கொடுக்காமல், ஒரு சொல்லும் பிசகாமல் நடத்திக் காட்டுபவருக்கு வெள்ளித் தீப்பெட்டி உறை ஒன்று பரிசு. அதற்காக வருடக்கணக்கில் முயல்பவர்கள் உண்டு.

என் கணக்கில் லாட்ஜ் உருவாவது கூட்டத்தில் அல்ல, இந்த ஒத்திகையில்தான். மேலங்கியைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஏழெட்டுப் பேர், காலியான கூடத்தில். நீதிமன்றத்தில் பிறரை நடுங்க வைக்கும் ஒருவர் இங்கே மூன்றாவது வரியில் தடுக்கி விழுவார். கணக்கராக வேலை பார்க்கும் இளைஞர் அடுத்த சொல்லை மெதுவாக எடுத்துக் கொடுப்பார். பெரியவர் முறைக்க முடியாது. அடுத்த வரிக்கும் அந்த இளைஞர்தான் வேண்டும். எடுத்துக் கொடுப்பதிலும் முறை உண்டு. பெரும்பாலும் முந்தைய ஆண்டின் மாஸ்டருக்குத்தான் அந்த உரிமை. நான்கு மூலையிலிருந்தும் நான்கு பேர் கத்தினால் பேசுபவருக்கு இருப்பதும் மறந்துபோகும். கூட்டத்தன்றும் இதே கதைதான். மாஸ்டர் தடுமாறும்போது அறையில் பாதிப் பேரின் உதடுகள் சத்தமில்லாமல் அசைவதைப் பார்க்கலாம். உங்கள் தவறைப் பார்த்துச் சிரிக்காமல் உங்களுக்காக மூச்சைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஒரு கூட்டம் வளர்ந்த மனிதனுக்கு வேறு எங்கே கிடைக்கும் என்று எனக்குத் தெரியவில்லை.

பொறுப்புகளின் ஏணியும் இதே வேலையைச் செய்கிறது. விருந்தில் பரிமாறும் ஸ்டூவர்டாகத் தொடங்கி, உட்காவலர், ஜூனியர் டீக்கன், சீனியர் டீக்கன், இரண்டு வார்டன் பதவிகள் என்று ஆண்டுக்கொரு படியாக ஏறினால் மாஸ்டர் நாற்காலி வரும். அது ஓராண்டுக்குத்தான். இறங்கியவர் அடுத்த ஆண்டு வெளியே வாளைப் பிடித்துக்கொண்டு டைலராக நிற்பதும் நடக்கும். அதிகாரத்தைக் கொடுத்து, தேதி குறித்துத் திரும்ப வாங்கிக்கொள்ளும் இந்த ஏற்பாடு எனக்கு மிகவும் பிடிக்கும். இதன் நோயும் இங்கேயே இருக்கிறது. நாற்காலியை விட்டு இறங்கிய பிறகும் மனதால் இறங்காத முன்னாள் மாஸ்டர்கள் எல்லா லாட்ஜிலும் உண்டு. “எங்கள் காலத்தில் இப்படி இல்லை” என்ற ஒரே வரியால் ஒரு நல்ல தீர்மானத்தை அவர்கள் சாகடிப்பதைப் பார்த்திருக்கிறேன். கழுத்துப் பட்டையிலும் பதக்கத்திலும் மயங்கி, மேலும் மேலும் பட்டங்களைத் தேடி அலைபவர்களும் உண்டு. 33 வரை எண் போட்ட பட்டங்கள் கொண்ட துணை அமைப்புகள் அவர்களுக்காகவே காத்திருக்கின்றன. மாஸ்டர் மேசனுக்கு மேல் எந்தப் படியும் இல்லை என்பதுதான் விதி.

இனி ஆல்மனர். உறுப்பினர்கள், அவர்களின் குடும்பங்கள், இறந்துபோன உறுப்பினர்களின் மனைவியர் ஆகியோரின் நலனைப் பார்த்துக்கொள்வது இவருடைய வேலை. இவருக்கு மேடை இல்லை, மனப்பாட வசனம் அநேகமாக இல்லை. கையில் இருப்பது ஒரு நோட்டும் தொலைபேசியும். நோட்டில் ஒரு பக்கம் நோயுற்றவர்கள், ஒரு பக்கம் விதவையர், இன்னொரு பக்கம் ‘வரவில்லை’ என்ற பட்டியல். மூன்றாவது பட்டியல்தான் முக்கியம். ஆண்கள் கஷ்டத்தை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். வேலை போனதையும் வியாபாரம் நொடித்ததையும் மனைவிக்கே சொல்லாதவர்கள் லாட்ஜில் சொல்வார்களா? முதலில் ஒரு கூட்டத்துக்கு வர மாட்டார்கள், அடுத்ததற்கும் வர மாட்டார்கள், சந்தா தாமதமாகும். செயலாளருக்கு அது பாக்கி. ஆல்மனருக்கு அது அறிகுறி. இரண்டு பொறுப்பையும் பார்த்தவன் என்பதால் சொல்கிறேன், ஒரே தகவலை இருவரும் படிக்கும் விதம் முற்றிலும் வேறு.

தொலைபேசியில் பேசும்போது நலம் விசாரிப்பதோடு நிறுத்தக் கூடாது என்பது இந்த வேலையில் சீக்கிரமே கற்றுக்கொள்வது. ‘ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்’ என்று சொன்னால் யாரும் எதையும் கேட்பதில்லை. ‘வியாழக்கிழமை மருத்துவமனைக்கு எத்தனை மணிக்குப் போக வேண்டும், நான் காரோடு வருகிறேன்’ என்றால் மறுப்பதில்லை. கணவர் இறந்து ஓராண்டு ஆன வீட்டுக்கு அழைப்பதும் அப்படித்தான். முதல் மாதம் எல்லோரும் வருவார்கள்; பதினான்காவது மாதம் யாரும் அழைக்க மாட்டார்கள். அந்தப் பதினான்காவது மாதத்துக்காகத்தான் நோட்டு. வங்கிக் கடிதம் புரியவில்லை, குழாய் ஒழுகுகிறது, ஓய்வூதியப் படிவத்தில் எங்கே கையெழுத்து என்று சின்னச் சின்னக் காரியங்களாகவே வரும். பண உதவி தேவைப்பட்டால் தொகையை மட்டும் லாட்ஜில் சொல்வோம். யாருக்கு என்பது ஆல்மனரோடும் மிகச் சிலரோடும் நின்றுவிடும். நான் காக்கும் ரகசியங்களிலேயே பாரமானவை இவைதான், கைகுலுக்கும் முறை அல்ல.

இது மேசன்களின் தனிச் சொத்து அல்ல. ஆட் ஃபெலோஸ் என்ற சகோதர அமைப்பு, அமெரிக்காவில் 1819இல் பால்டிமோரில் தாமஸ் வைல்டி தொடங்கியது, தன் கட்டளையாகவே நான்கை வைத்திருக்கிறது: நோயுற்றவரைப் பார், துன்புற்றவருக்கு உதவு, இறந்தவரை அடக்கம் செய், அநாதையைப் படிக்க வை. 19ஆம் நூற்றாண்டில் ஒரு தொழிலாளி விபத்தில் கை இழந்தால் அவனுக்கு அரசு இல்லை, காப்பீடு இல்லை, லாட்ஜ் இருந்தது. வாரச் சந்தா கட்டினால் நோய்க்காலத்தில் வாரப் பணம். பென்சில்வேனியாவில் 1868இல் ஜான் ஜோர்டன் அப்சர்ச் தொடங்கிய தொழிலாளர் சகோதரத்துவத்தில் ஓர் உறுப்பினர் இறந்தால் மற்றவர்கள் ஆளுக்கு ஒரு டாலர் போட்டு அவர் குடும்பத்துக்குக் கொடுத்தார்கள். லாட்ஜ் டாக்டர் என்ற ஏற்பாடும் இருந்தது: ஒரு மருத்துவரை லாட்ஜே அமர்த்திக்கொள்ளும், ஓர் உறுப்பினருக்கு ஆண்டுக்கு ஓரிரு டாலர்தான் செலவு. மருத்துவர் சங்கங்கள் இதைக் கடுமையாக எதிர்த்தன. தங்களில் ஒருவர் இத்தனை மலிவாகப் போவதை அவர்களால் பொறுக்க முடியவில்லை.

பிறகு அரசு அந்த இடத்துக்கு வந்தது. பிரிட்டனில் 1911ஆம் ஆண்டின் தேசியக் காப்பீட்டுச் சட்டம் முதலில் இந்தச் சங்கங்களின் வழியாகவே நடந்தது. 1948இல் தேசிய மருத்துவ சேவை வந்ததும் அவற்றின் பெரிய வேலை முடிந்தது. அமெரிக்காவில் 1935இல் சமூகப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. நிறுவனங்கள் தரும் காப்பீடும் பெருகியது. இது நல்ல மாற்றம். உரிமையாகக் கிடைப்பதை உதவியாகக் கேட்டு வாங்க வேண்டிய நிலை யாருக்கும் வேண்டாம். ஆனால் காசோலை அனுப்பும் அலுவலகம் வாசல்மணியை அடிக்காது. லாட்ஜுக்கு இப்போது எஞ்சியிருப்பது வாசல்மணி அடிக்கும் பகுதி மட்டுமே. அதைச் செய்யாத லாட்ஜ், உடை நன்றாக உடுத்திக்கொண்ட மனப்பாட வகுப்புதான்.

பெரிய தொண்டுகளும் இருக்கின்றன, அவற்றைக் குறைத்துச் சொல்ல மாட்டேன். லண்டனில் மேசன்கள் 1788இல் தொடங்கிய பெண்கள் பள்ளி இன்றும் நடக்கிறது. ஷ்ரைனர்கள் என்ற மேசன் துணை அமைப்பு 1922இல் லூசியானாவின் ஷ்ரீவ்போர்ட்டில் குழந்தைகளுக்கான முதல் மருத்துவமனையைத் திறந்தது. மூஸ் என்ற அமைப்பு பெற்றோரை இழந்த குழந்தைகளுக்காக 1913இல் இல்லினாயில் மூஸ்ஹார்ட் என்ற குடியிருப்பையே கட்டியது. இவை புகைப்படத்தில் வரும். ஆல்மனர் ஓட்டும் கார் வராது.

கூட்டம் முடிந்ததும் எல்லோரும் உணவு மேசைக்குப் போவார்கள். சடங்கு அறையில் விறைப்பாக நின்றவர்கள் இங்கே கலகலப்பாகிவிடுவார்கள். அதற்கும் வரிசை உண்டு: நாட்டுக்கு, கிராண்ட் மாஸ்டருக்கு, மாஸ்டருக்கு, விருந்தினருக்கு, புதிதாகச் சேர்ந்தவருக்கு என்று கோப்பை உயரும். மது அருந்தாதவர் தண்ணீரை உயர்த்தினால் யாரும் கண்டுகொள்வதில்லை. வராதவர்களுக்கென்று ஒன்று உண்டு. எல்க்ஸ் என்ற அமைப்பில், 1868இல் நியூயார்க்கில் நாடக நடிகர்கள் தொடங்கியது, இதற்கு இரவு 11 மணி என்று நேரமே குறித்திருக்கிறார்கள். நீண்ட உரைகள்தான் இந்தப் பகுதியின் சாபம். புதியவர் ஒருவர் நடுங்கிக்கொண்டே பேசும் நன்றியுரை எப்போதும் நன்றாக இருக்கும். பிராந்தியப் பொறுப்பாளரின் பதில் உரை அப்படி இருப்பதில்லை.

ஆண்டுக்கு ஓரிரு முறை குடும்பத்தோடு கூடும் நிகழ்ச்சிகள், சுற்றுலா, மற்ற லாட்ஜ்களுக்கு விருந்தினராகப் போவது எல்லாம் உண்டு. வேறு ஊருக்குப் பயணம் போகும் மேசன் அங்குள்ள லாட்ஜின் கதவைத் தட்டலாம். உறுப்பினர் என்று நிரூபித்தால் அன்றைக்கு அவரும் சகோதரர். பெண்களைப் பொறுத்தவரை, பெரும்பாலான கிராண்ட் லாட்ஜ்கள் இன்னும் ஆண்களுக்கு மட்டும்தான். இங்கிலாந்தில் பெண்களுக்கான தனி மேசன் அமைப்புகள் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே இயங்குகின்றன. ஆணும் பெண்ணும் சேர்ந்த லெ த்ருவா ஹியூமன் என்ற அமைப்பு 1893இல் பாரிசில் தோன்றியது. ஆண்கள் லாட்ஜ் பெண்களை உறுப்பினராகச் சேர்க்காது. இது சரியா என்று கேட்டால், ஆண்கள் தங்களுக்குள் மனம் விட்டுப் பேச ஓர் இடம் வேண்டும் என்ற வாதத்தில் கொஞ்சம் உண்மை இருக்கிறது, நிறையச் சோம்பலும் இருக்கிறது.

காரியம் சாதித்துக்கொள்ளும் இடமா என்றீர்கள். சேருபவரிடம் கேட்கப்படும் தொடக்கக் கேள்விகளில் ஒன்றே, ஆதாயம் போன்ற தகுதியற்ற நோக்கத்தோடு வரவில்லைதானே என்பது. அரசியலையும் மதத்தையும் லாட்ஜுக்குள் விவாதிக்கக் கூடாது. தொழில் அட்டையை நீட்டுபவரை மற்றவர்கள் ஒதுக்கத் தொடங்குவார்கள். விதி இப்படி. ஆனால் விதியை மீறியவர்களின் வரலாறும் இருக்கிறது. நியூயார்க் மாநிலத்தின் படேவியாவில் வில்லியம் மோர்கன் என்பவர் மேசன் ரகசியங்களைப் புத்தகமாகப் போடுவதாக அறிவித்து, 1826இல் கடத்தப்பட்டுக் காணாமற்போனார். தங்கள் ஆட்களைக் காப்பாற்றுகிறார்கள் என்ற பொதுமக்கள் கோபம் ஒரு மேசன் எதிர்ப்பு அரசியல் கட்சியையே உருவாக்கியது. இத்தாலியில் 1981இல் லிச்சியோ ஜெல்லி என்பவர் தலைமையில் ரகசியமாக இயங்கிய ‘பி2’ லாட்ஜின் உறுப்பினர் பட்டியல் காவல்துறையிடம் சிக்கியது. அதில் அமைச்சர்கள், தளபதிகள், பத்திரிகையாளர்கள் உட்பட 962 பெயர்கள், அரசே கவிழ்ந்தது. மூடிய கதவு தவறானவர் கையில் சிக்கினால் என்ன ஆகும் என்பதற்கு இவை உண்மையான சான்றுகள். உலகை மறைவாக ஆளும் கூட்டம் என்று சொல்லப்படும் இல்லுமினாட்டியின் கதைகள் அப்படிப்பட்டவை அல்ல. அவற்றில் நேரத்தை வீணாக்காதீர்கள். கத்தோலிக்கராக இருந்தால் மட்டும் ஒன்றைத் தெரிந்துகொள்ளுங்கள்: 1738இல் போப் பன்னிரண்டாம் கிளமென்ட் விதித்த தடை இன்றுவரை வாடிகனின் நிலைப்பாடாகத் தொடர்கிறது.

உறுப்பினர் எண்ணிக்கை பல நாடுகளில் சுருங்கிக்கொண்டிருக்கிறது. அமெரிக்காவில் 1959இல் 41 லட்சம் மேசன்கள் இருந்தார்கள். இன்று பத்து லட்சத்துக்கும் குறைவு. தொலைக்காட்சி, இணையம், நீண்ட வேலை நேரம் என்று காரணம் சொல்வார்கள். ஆண்கள் மாலை நேரத்தை வீட்டில் குழந்தைகளோடு கழிப்பதும் ஒரு காரணம். அதை நான் குறையாகச் சொல்ல மாட்டேன். ஆள் குறைந்ததால் சில லாட்ஜ்கள் யார் கேட்டாலும் சேர்த்துக்கொள்கின்றன. விளைவு, அரைகுறை ஆர்வத்தில் வந்தவர்கள் இரண்டு ஆண்டுகளில் போய்விடுகிறார்கள், மனப்பாடச் சுமை மறுபடி அதே ஐந்து பேர் தலையில்.

உங்களை அழைத்த நண்பரிடம் இப்போது கேட்க வேண்டியவற்றைக் கேளுங்கள். சேர்க்கைக் கட்டணம் எவ்வளவு, ஆண்டுச் சந்தா எவ்வளவு, உணவுச் செலவு தனியா, உடைக்கும் ஏப்ரனுக்கும் என்ன ஆகும்? மாதத்தில் எத்தனை மாலைகள் போகும், ஒத்திகையையும் சேர்த்து? பதவி ஏணியில் ஏறாமல் சும்மா வந்துபோக முடியுமா? கடைசியாகச் சேர்ந்த சிலரில் எத்தனை பேர் இன்னும் வருகிறார்கள்? லாட்ஜின் ஆல்மனர் யார் என்றும் கேளுங்கள். பெயர் சட்டென்று வந்தால் நல்லது. யோசித்துவிட்டுச் செயலாளரிடம் கேட்டுச் சொல்கிறேன் என்றால், அந்த லாட்ஜை விட்டுவிட்டு வேறொன்றைப் பாருங்கள். வீட்டில் மனைவியின் சம்மதத்தையும் கேளுங்கள். விண்ணப்பத்தைப் பார்க்க வரும் உறுப்பினர்கள் பல இடங்களில் அதைக் கட்டாயம் விசாரிப்பார்கள்.

இணையத்தில் செய்தி அனுப்பி, பணம் கட்டினால் உடனே உறுப்பினர், செல்வம் பெருகும் என்று யாராவது சொன்னால் அது மோசடி. உண்மையான லாட்ஜில் எதுவும் உடனே நடக்காது. விண்ணப்பம், நேர்காணல், முன்மொழிபவர், வழிமொழிபவர், வாக்கெடுப்பு என்று மாதக்கணக்கில் ஆகும். இடையில் அவர்களுடைய குடும்ப நிகழ்ச்சி ஏதாவது வந்தால் போய்வாருங்கள். அங்கே யார் பதக்கத்தோடு முன்வரிசையில் இருக்கிறார் என்பதை விட்டுவிட்டு, தனியாக உட்கார்ந்திருக்கும் வயதானவர்களிடம் யார் போய்ப் பேசுகிறார் என்று கவனியுங்கள்.